முப்பது மில்லிமீற்றர்

குத்துவிளக்கின் ஐந்தாவது திரி பற்றமாட்டேன் என்று அடம்பிடித்தது. மூன்று நாள் மழையில் ஹட்டனில் தீக்குச்சி முதல் தலைமையுரை வரை எல்லாமே நமத்துப் போயிருந்தன. நான்கு திரிகளை நான்கு பிரமுகர்கள் ஏற்றியாகிவிட்டது. ஐந்தாமவர் செயலமர்வை நடத்தக் கொழும்பிலிருந்து வந்த கலாநிதி. ஏழாவது குச்சியில் அவர் வென்றபோது நாற்பது விஞ்ஞான ஆசிரியர்கள் கைதட்டினார்கள். 'தொட்டுப் பார்த்துக் கற்போம்' செயலமர்வின் இரண்டாவது சனிக்கிழமை இப்படித்தான் தொடங்கியது. மழைக்காகத் தள்ளிப்போடலாமா என்று கேட்டவர்களுக்கு, பதாகையில் திகதி அச்சாகிவிட்டது என்று பதில் வந்திருந்தது.

ஜெயந்தினி பின்வரிசையில் கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அதே தோட்டத்தின் ஒற்றையறை வீடுகள் பன்னிரண்டு வரிசையாக ஒட்டிய லயத்தில், ஐந்தாவது காம்பராவில் குடியிருக்கிறவள். லயத்துக்குப் பின்னால் மலை. போன வருடம் அதில் கைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு விழுந்தது. பார்க்க வந்த அதிகாரி அதன் இரு பக்கமும் சிவப்புப் பெயின்ற்றால் கோடு போட்டுவிட்டுப் போனார். அதுவரை சும்மா வெடிப்பாக இருந்தது, அன்றிலிருந்து அரசாங்க வெடிப்பானது.

முதல் சனிக்கிழமை மழைமானி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நிகழ்ச்சிநிரலில் அதற்கு இரண்டு மணிநேரம். பிரதம விருந்தினர் பிந்தி வந்ததில் ஒரு மணிநேரமும், வந்தவர் தம் பள்ளிப்பருவத்தை நினைவுகூர்ந்ததில் முப்பத்தைந்து நிமிடமும் போயின. மிச்சத்தில், பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, பக்கத்தில் அளவுத்தாள் ஒட்டி, சாயாமலிருக்க அடியில் கூழாங்கல் போட்டு, பூச்சியக் கோடு வரை தண்ணீர் ஊற்றினார்கள். பூச்சியக் கோடு எதற்கு என்று விளக்கும் படம் திரையில் ஒரு நொடி வந்தது. "இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்று கலாநிதி அடுத்ததற்குத் தாவினார். அடுத்தது மத்தியானச் சாப்பாடு. ஒரேயொரு எண்ணை மட்டும் எல்லோரையும் மூன்று தரம் உரக்கச் சொல்ல வைத்தார். இருபத்துநான்கு மணிநேரத்தில் நூற்றைம்பது மில்லிமீற்றர். தாண்டினால், சரிவில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும். தான் செய்த போத்தலை ஜெயந்தினி லயத்துக்குக் கொண்டுவந்து கம்பில் கட்டி நட்டு, காலைதோறும் வாசித்துக் கொப்பியில் குறித்துவந்தாள்.

இன்று ஆறரை பஸ்ஸுக்கு அவள் கிளம்பும்போது நான்காவது காம்பரா பூரணி வாசலிலேயே நின்றாள். காலடியில், பெட்சீற்றில் இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை.

"டீச்சர், ராவெல்லாம் மலையில என்னமோ சத்தம். ஸ்கூலுக்குப் போயிருவோமா? நான் கட்டியே வச்சிட்டேன்."

"எட்டு மணிக்கு எங்க வீட்டுக்காரரு போத்தலப் பாப்பாரு அக்கா. நூத்தம்பதத் தாண்டுனா எல்லாரும் போயிரலாம். ஸ்கூல் சாவி அவருகிட்டதான் குடுத்திருக்கேன்."

"போத்தல் உத்தரவு குடுத்தாத்தான் போவணுமாக்கும்." பூரணி சிரித்தாள். "சரி, படிச்சவங்க சொல்றீங்க."

போன மாதம் இரண்டு தடவை சத்தம் என்று ஓடிப்போய், பாடசாலைச் சீமெந்துத் தரையில் விறைத்துக் கிடந்துவிட்டு, விடிந்ததும் ஒன்றுமில்லாமல் திரும்பியிருந்தார்கள். இனிச் சும்மா ஓட வேண்டியதில்லை, அளந்து பார்த்துப் போகலாம் என்பதில் ஜெயந்தினிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

எட்டு மணிக்கு வர வேண்டிய அழைப்பு, சிக்னல் கிடைத்து ஒன்பதே முக்காலுக்கு வந்தது.

"நூத்தி இருவத்தி நாலு" என்றான் அவள் கணவன் அழகுமுத்து.

"சரியாப் பாத்தீங்களா?"

"பத்தொம்பது வருசமா தராசப் பாக்கிறவன்கிட்ட கேக்கிற கேள்வியா இது, டீச்சரம்மா?"

மடுவத்தில், தோட்டத்து நிறுவைக் கொட்டகையில், கொழுந்து நிறுக்கிறவன் அவன். சாக்கைக் கையில் தூக்கிய உடனே எடையைச் சொல்வான், அரைக்கிலோ பிசகாது.

ஜெயந்தினி எழுந்து எண்ணைச் சொன்னாள். கலாநிதி மகிழ்ந்துபோய் அதை வெண்பலகையில் எழுதி வட்டம் போட்டார். "பாருங்க, ஒரு லயத்திலயிருந்து தரவு வந்திருக்கு. இன்னும் இருபத்தாறு மில்லிமீற்றர் இருக்கு. பதற்றம்தான் விஞ்ஞானத்துக்கு முதல் எதிரி."

"மழை இன்னும் பெய்யுதே சேர்?"

"அடுத்த வாசிப்பு நாளைக்கு எட்டு மணிக்கு."

அவள் வெளியே வந்து அழகுமுத்துவை அழைத்தாள். "இன்னும் இருவத்தாறு இருக்காம். எல்லாரையும் இருக்கச் சொல்லுங்க."

இரண்டு மணிக்குச் சான்றிதழ் வழங்கினார்கள். இரண்டே காலுக்கு மலை வந்தது. சிவப்புக் கோட்டை விட்டு ஒரு சாண் விலகவில்லை. அந்த விதத்தில் அதிகாரி சரியாகத்தான் குறித்திருந்தார். ஒன்று முதல் நான்கு வரையான காம்பராக்கள் போயின. ஏழு பேர். பூரணியை மறுநாள் எடுத்தார்கள். பக்கத்திலிருந்து மூட்டையையும் எடுத்தார்கள். இருக்கச் சொன்னதற்காக இருந்தாளே தவிர, முடிச்சை அவள் அவிழ்க்கவில்லை.

மிஞ்சியவர்கள் பாடசாலை மண்டபத்தில் படுத்தார்கள். நான்காம் நாள் ஜெயந்தினி வாசிப்புக் கொப்பியைத் திறந்தாள். கடைசி வரியில் பேனாவால் 124. அதன் அடியில், அழித்தும் அழியாத பென்சிலில் வேறொரு எண்.

"இந்த நூத்தி அம்பத்தி நாலு என்னங்க?"

"போத்தல்ல தெரிஞ்சது."

"பொறகு?"

"உள்ள கல்லும் தண்ணியும் கெடந்துச்சில்ல. அதுக்கு முப்பது கழிச்சேன்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "மழ நாளு. கூடத்தான கழிக்கணும்?"

மழை நாளில் கொழுந்தோடு வரும் தண்ணீரைத் தோட்டம் எடையில் சேர்க்காது. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று தள்ளித்தான் எழுத வேண்டும். தள்ளாதவன் மடுவத்தில் நிற்க முடியாது. பத்தொன்பது வருடமாக மழையைக் கழிப்பதே அவன் வேலை. போத்தலில் கல்லும் அந்தத் தண்ணீரும் பூச்சியக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கின்றன, அவற்றைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் என்றால், அவள்தான். கோட்டைப் பாருங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருந்தாள். அவனிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று அன்று முழுக்க யோசித்தாள். மாலையில் சொன்னாள். அவன் "ம்" என்றான். அதற்குப் பிறகு யாரிடமும் எந்த எண்ணையும் சொல்வதை விட்டுவிட்டான். நிவாரண அரிசிக்கு ஆட்களை எண்ணச் சொன்னபோது எழுந்து வெளியே போனான்.

ஒன்பதாம் நாள் கலாநிதி வந்தார். கூடவே பதாகையும் படம் பிடிப்பவரும். கூரைகளிலிருந்து பத்து மீற்றர் தள்ளி நட வேண்டும் என்ற அறிவுரையை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருந்ததால், கம்பும் போத்தலும் செம்மண் விளிம்பில் அப்படியே நின்றன.

"சேர்" என்றாள் ஜெயந்தினி. "அன்னைக்குப் போத்தல்ல இருந்தது நூத்தி அம்பத்தி நாலு. கழிச்சு எழுதிட்டோம்."

கலாநிதி பள்ளத்தைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

"அப்ப மானி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு."

படம் பிடிப்பவர் கைகாட்டினார். கம்பின் அடியில், யாரும் உரிமை கோராத பூரணியின் மூட்டை கிடந்தது. அது படத்தில் விழுகிறதாம். ஜெயந்தினி குனிந்து தூக்கப் பார்த்தாள். ஒன்பது நாள் மழையைக் குடித்திருந்த மூட்டை அசையவில்லை. அழகுமுத்து வந்து அதை இரு கைகளாலும் தூக்கினான். தூக்கியதும் அவன் உதடுகள் பழக்கத்தில் லேசாக அசைந்து, நின்றுவிட்டன. முடிச்சிலிருந்து தண்ணீர் அவன் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. படமெடுத்து, பதாகையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் ஜீப்பில் ஏறும் வரையிலும் அவன் அதைக் கீழே வைக்கவில்லை.