சவரிராயன் போட்ட பாதை

பாலக்கரையில் சவரிராயனைத் தெரியாதவர்கள் கிடையாது. ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்குக்கு முப்பத்திரண்டு வருஷம் மேஸ்திரியாக இருந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனது உடம்புதான். வாய் இன்னும் டியூட்டியில் இருந்தது. தெருவில் யார் சுவர் எழுப்பினாலும் போய் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "கோணல்" என்பார். அது கோணலாகத்தான் இருக்கும். ஜனங்களுக்கு எரிச்சல் வருவதற்கு அதுவே காரணம்.

அந்த மழைக்காலத்தில் அவர் மனைவி வியாகுலம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "தினம் அரை மைல் நடக்கணும்மா. இல்லேன்னா கால் மடங்காமலே நின்னுடும்."

நடக்கப் பாலக்கரையில் ஏது இடம்? மாட்டுவண்டி, சைக்கிள், வெங்காய மூட்டை, இவற்றுக்கு நடுவில் ஒரு சாண் வழி. இரண்டாம் நாளே ஒரு சைக்கிள்காரன் இடித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். "இனிமே வாசப்படி தாண்ட மாட்டேன்" என்று அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டாள். சவரிராயன் உள்ளுக்குள் நடுங்கிப் போனார். அவள் பக்கத்தில் இல்லாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் தெருவுக்குப் பின்னால் கிடந்த மேடு அவர் நினைவுக்கு வந்தது. கல் குவாரிக்குப் போன பழைய ரயில் பாதை அது. தண்டவாளத்தையும் கட்டைகளையும் எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மேடு மட்டும் முள் மண்டிக் கிடந்தது. ரயில்வேயில் தெரிந்த பழைய அதிகாரி ஒருவரை விடாமல் நச்சரித்து, ஜனங்கள் நடப்பதற்கு அனுமதி வாங்கினார் சவரிராயன். சாயங்காலத்தில் காற்று வாங்க ஓர் இடம் கிடைக்கிறதென்றதும் தெருவே திரண்டு வந்து முள்ளை வெட்டியது. பாதை போட அவருடைய பழைய கேங் ஆள் சின்னையன், இன்னும் நாலு கேங் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தான். ஆப்பக்கடை சாரா பீவி டீ கொடுத்தாள். ஒரு மாதம் வேலை நடந்தது. மேட்டில் ஏறினால் மலைக்கோட்டை பளிச்சென்று தெரிந்தது.

பொங்கல் கழிந்த ஞாயிறு சாயங்காலம் திறப்பு விழா. காலையில் மாதா கோயில் பூசைக்குப் போனவர்கள் அந்த உடுப்பை மாற்றாமலே வந்து நின்றார்கள்.

பாதையைப் பார்த்தவர்கள் "அடேயப்பா!" என்றார்கள். அரை மைல் நீளத்துக்கு ஒரே சீராகக் கருங்கல் ஜல்லி! நூல் பிடித்த ஓரம். வளைவில், ரயில் வெளிப்பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க எப்படி ஒரு பக்கம் உயர்த்துவார்களோ, அப்படி இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார்கள். சின்னையனுக்குப் பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது. இதில் என்ன தப்பு என்று அந்த ஐந்து பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஆயுசு முழுக்க ஜல்லியில் நடந்து காய்ப்புக் காய்த்த கால்களுக்கு எப்படித் தோன்றும்?

வியாகுலம்மாள்தான் முதலில் ஏறினாள். நாலாவது அடியில் "சேசுவே!" என்று நின்றாள். பின்னால் வந்தவர்களின் செருப்பு வழுக்கியது. வளைவுக்குப் போனவர்கள் ஒருக்களித்து நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் மேட்டைவிட்டுக் கீழே பள்ளத்தில் நடந்துகொண்டிருந்தது.

"அண்ணே, ரயில் எத்தனை மணிக்கு வருது?" என்று சாரா பீவி கேட்டதும் சிரிப்பு வெடித்தது.

சவரிராயனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஜல்லி அமுங்கணும். ரெண்டு மழை பேஞ்சா சரியாயிடும். நடக்கத் தெரியாத ஜனம்!" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போனார். சரியான வீம்பு பிடித்த மனுஷன்! இரண்டு வாரம் யார் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. வியாகுலம்மாளின் கால் மடங்குவது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அவளோ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஒருநாள் விடிந்ததும் படுக்கையில் அவளைக் காணோம். தேடிக்கொண்டு போனவர் பாதையிலே பார்த்தார். சேலையை இடுப்பில் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஜல்லிமேல் ஒவ்வோர் அடியாக வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"உன்னை யாருடி இங்க வரச் சொன்னா?"

"ஊரே சிரிச்சிட்டுப் போயிடுச்சு. நானாவது நடக்க வேணாமாங்க? எனக்குன்னுதானே போட்டீங்க."

அவள் பாதத்தைப் பார்க்கலாம் என்று பொத்தென்று மண்டியிட்ட சவரிராயன், "ஐயோ!" என்று அலறித் துள்ளி எழுந்தார். உள்ளங்காலுக்குத்தான் காய்ப்பு, முழங்காலுக்கு ஏது? முட்டியில் ரத்தம் கசிந்தது. அதைத் துடைத்துவிட்டுப் பாதையின் நீளத்தைப் பார்த்தார்.

"அரை மைலும் இப்படித்தானா இருக்கு?" என்றார் மெதுவாக.

"வளைவுல இன்னும் மோசங்க."

உடனே பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய்ச் சின்னையனைப் பிடித்தார். "தப்பு பண்ணிட்டோம்டா" என்றார். மேஸ்திரி வாயிலிருந்து அந்த வார்த்தையைச் சின்னையன் கேட்டது அதுதான் முதல் தடவை. மேலாக இருந்த ஜல்லியை வாரினார்கள், வளைவைச் சமப்படுத்தினார்கள், அதன்மேல் செம்மண் கொட்டித் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினார்கள். சரியாகிவிட்டதா என்று சவரிராயன் காலால் பார்க்கவில்லை. பத்தடிக்கு ஒருமுறை மண்டியிட்டுப் பார்த்தார். தெருப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை.

இந்தத் தடவை விழா கிடையாது. வேலை முடிந்த அன்று சாயங்காலம் வியாகுலம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் மெதுவாகத்தான் நடந்தாள். வளைவைத் தாண்டினாள். ஓரிடத்தில் நின்று மலைக்கோட்டையைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் வேகமாகவே போனாள். பாதை முடிந்து முள் தொடங்குமிடம் வந்ததும், "போதும், திரும்பலாம். கால் வலிக்கும்" என்றார் சவரிராயன்.

அவள் திரும்பவில்லை. எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் என்னங்க இருக்கு?"

"குவாரி. இன்னும் ஒரு மைல் போகணும்."

"அது வரைக்கும் போட்டா ஆகாதா?"

சவரிராயன் பின்னால் திரும்பி, வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சின்னையனைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "டேய், நாளைக்கும் வந்துடுங்கடா!"