சூனியக்காரிக்கு எதுக்கு சைக்கிள்?

தான்சானியாவின் ஷின்யாங்கா பக்கம் மூன்று வருடமாகக் கழுதைப்புலிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நியன்சோபேயின் மோட்டார் சைக்கிள் அன்று காலை படுத்துவிட்டது. கழுதைப்புலிகளின் வளையோ பத்து கிலோமீட்டர் தள்ளி. ஒருநாள் குட்டிகளை எண்ணாமல் விட்டாலும் ஆய்வு பாழ். பக்கத்து வீட்டு லுஹெண்டேயிடம் சைக்கிள் கேட்டாள்.

"சூனியக்காரிக்கு எதுக்கும்மா சைக்கிள்? நீங்கதான் கழுதைப்புலி மேலேறி ஊர் சுத்துற ஆளாச்சே!"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சூனியக்காரிகள் ராத்திரியில் கழுதைப்புலி மேல் சவாரி போவார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை; அவளுக்கு இது பழகிய பேச்சு. நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

"சரிண்ணே, போறப்ப நடந்தே போறேன். வர்றப்ப அதுமேலயே வந்துடுறேன். உங்க ஆட்டையெல்லாம் உள்ள கட்டிப்போடுங்க."

தெருமுனையை அவள் தாண்டுவதற்குள் லுஹெண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தான்.