வெள்ளைமேல் வெள்ளை

ஜெபக்குமார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகர்ந்து பார்ப்பதுபோல் லேப்டாப் திரைமேல் குனிந்தார்.

"ஏட்டி விஜி, இதுல துணி எங்க?"

விஜி திரையைத் தன் பக்கம் திருப்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் இராஜபாளையத்துக்கு பஸ் ஏறி, மூன்று வாரமாக அவள் செய்த முதல் வெப்சைட் அது. ஜெபக்குமாரின் தறிக்கூடத்தில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். எட்டுத் தறிகள் ஆர்டர் இல்லாமல் நின்று ஒரு மாதமாகிறது. சென்னை ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் துணி வாங்கும் அதிகாரி நான்கு மணிக்கு வெப்சைட்டைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். இப்போது மணி இரண்டே முக்கால்.

துணி இருந்தது, தெரியவில்லை. ஆஸ்பத்திரி என்றால் வெள்ளை, வெள்ளை என்றால் சுத்தம் என்று இருவருமாகச் சேர்ந்து, வெள்ளைப் போர்வைமேல் வெள்ளைத் துணியை வைத்துப் படமெடுத்து, வெள்ளைப் பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். கண்ணில் பட்டதெல்லாம் ஓடும் சிவப்பு எழுத்தும், பறக்கும் புறாவும், ஜெபக்குமாரின் அப்பா படமும்தான்.

"எழுத்த இன்னும் பெருசாக்கு."

"எழுத்து பெருசானா துணி இன்னும் மறையும் அண்ணாச்சி."

"அப்ப என்னதான் செய்யப்போற?"

விஜி எழுந்தாள். வேறு படம் எடுக்கலாம் என்று செல்போனோடு தறிக்கூடத்துக்குப் போனாள். வாசலருகே துணியின் தரம் சோதிக்கும் சுடலையம்மாள் கறுப்புப் பலகைமேல் துணியை விரித்து, பூதக்கண்ணாடி வைத்து இழை எண்ணிக்கொண்டிருந்தார். சல்லடைபோல் மெல்லிய துணி. கறுப்பின்மேல் ஒவ்வோர் இழையும் கோடு கிழித்ததுபோல் எழுந்து நின்றது. தினமும் கடந்துபோகிற பலகைதான். விஜி நின்றுவிட்டாள். ஒரு பொருளைக் கண் பிடிப்பது அதன் நிறத்தால் மட்டுமல்ல. பக்கத்தில் இருப்பதிலிருந்து அது எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதால்.

"அக்கா, பலகையச் செத்த நேரம் தாங்க."

"தந்துட்டு எந்தலையில வச்சா எண்ணுவேன்? இங்கனயே எடு. என் கை விழாம எடு, மருதாணி பாதி அழிஞ்சு கெடக்கு."

பக்கவாட்டு வெயில் ஒவ்வோர் இழைக்கும் மயிரிழை நிழல் கொடுத்தது. எடுத்தாள்.

அந்தப் படத்தைப் பக்கத்தின் உச்சியில் விளிம்புமுதல் விளிம்புவரை விரித்தாள். ஓடும் எழுத்தையும் புறாவையும் நீக்கினாள். அசைகிற ஒன்று இருந்தால் கண் வேறெதையும் முதலில் பார்க்காது.

"செவப்பாவது இருக்கட்டும்," என்றார் ஜெபக்குமார்.

"கட்டுத்துணிமேல செவப்பு, அண்ணாச்சி. பாக்கவியளுக்கு என்ன ஞாபகம் வரும்?"

அவர் முகம் சுளித்தார். "எடு, எடு."

எழுத்துக்குக் கருநீலம் ஒன்றே போதும். ஐந்து வகை எழுத்து ஒரே வகையானது. வரிகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் விட்டாள்.

"அப்பாவயும் தூக்கிருவ போலிருக்கே."

"தூக்கல. 'எங்களைப் பற்றி'ங்கிற பக்கத்துல வைக்கேன். அங்க அவிய மட்டும் பெருசா இருப்பாவ. கூட்டத்துல நிக்க வேண்டாம்."

செல்போனில் திறந்து பார்த்தாள். தொலைபேசி எண் வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு. எண்ணைத் தனி வரிக்கு இறக்கி, பெருவிரல் எட்டும் இடத்தில் வைத்தாள். மறுபடி ஏற்றினாள்.

"எனக்குப் பழசுதான வருது," என்று ஜெபக்குமார் தன் போனை நீட்டினார். புறா பறந்துகொண்டிருந்தது.

"ஒரு தடவ பாத்தத போன் சேத்து வச்சுக்கிடும் அண்ணாச்சி. சிலநேரம் அதையே எடுத்துக் காட்டும். புதுசா பாக்கவியளுக்குப் புதுசுதான் வரும்."

"அவருக்கு நேத்தே லிங்க் அனுப்பிட்டனே. நேத்தே தெறந்திருந்தா?"

விஜி கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணி. நான்கு ஐந்து. நான்கு பத்துக்குப் போன் அடித்தது, சென்னை அதிகாரிதான். ஜெபக்குமார் ஸ்பீக்கரில் போட்டார்.

"படத்துல இடது ஓரத்துல ஒரு இழை அறுந்திருக்கே, சார்?"

விஜி சட்டென்று திரையைப் பார்த்தாள். அறுந்துதான் இருந்தது. புதுப் படம் அவருக்குப் போயிருக்கிறது, பழுதோடு போயிருக்கிறது. அவள் ஜெபக்குமாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமா சார்," என்றார் அவர், மெதுவாக. "அது சோதிக்கிற பலகை. அந்தத் துண்ட நாங்களே கழிச்சிருவோம், வெளிய விட மாட்டோம்."

மறுமுனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இழை எண்ணுற அளவுக்கு யாரும் படம் போடுறதில்ல. பத்து மீட்டர் சாம்பிள் அனுப்புங்க. இங்க நாங்களும் எண்ணிப் பாக்கணும்."

"இன்னைக்கே பார்சல் போட்டுருதேன் சார்."

போனை வைத்துவிட்டு ஜெபக்குமார் எழுந்தார். "வா, நீயும் ஒரு பூதக்கண்ணாடி எடு. அந்தப் பத்து மீட்டர்ல ஒரு இழைகூட அறுந்திருக்கக் கூடாது."