கூரையைப் பார்த்த விருந்தாளி

இரட்டை நகர நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போலந்தின் அந்தச் சிறு நகரத்துக்கு வந்த ஜெர்மன்காரர்களை, நகராட்சி வீடுவீடாகப் பிரித்துத் தங்க அனுப்பியது. போக்னாவின் வீட்டுக்கு வந்தவர் டீட்மார், எழுபதை நெருங்கியவர். வந்ததிலிருந்து மனுஷன் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று கூரையைப் பார்த்தார். சூப் குடிக்கும்போதும் உத்தரத்தைப் பார்த்தார். மாடிக்குப் போய் மரத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

போக்னாவின் அப்பா ஸெனோன் சூப்பைத் தள்ளிவைத்தார். முன்பு ஜெர்மனியாக இருந்த ஊர்; உலகப் போர் முடிந்ததும் ஜெர்மன்காரர்களைக் கிளப்பிவிட்டு, கிழக்கே வீடிழந்த போலந்துக்காரர்களை அரசாங்கம் குடிவைத்த தெரு அது. ஐம்பது வருஷமாகியும் நிலப் பதிவேட்டில் பழைய ஜெர்மன் சொந்தக்காரர்களின் பெயர்தான். என்றைக்காவது வந்து கேட்பார்கள் என்று தெருவில் பாதிப் பேர் வீட்டில் ஆணிகூட அடிக்கவில்லை. எவனோ வந்து அனுபவிக்க நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று ஸெனோனும் ஒழுகிய இடத்திலெல்லாம் வாளி வைத்தே காலத்தை ஓட்டினார். குடும்பத்தில் முதல் பட்டதாரியான மகள் ஜெர்மன் மொழியை எடுத்துப் படித்தபோது இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“கேளுடி அவன்கிட்ட, இது யார் வீடுன்னு நெனச்சு வந்தான்னு” என்றார் இப்போது.

“சாப்பிடுற மனுஷன்கிட்டயா?”

“பின்ன எதுக்கு அந்தப் பாஷையைப் படிச்ச?”

கேட்டாள். தான் வடக்கே கடலோரத்தில் பிறந்தவர், இந்தப் பக்கம் வருவது இதுவே முதல் தடவை, நாற்பது வருஷம் ஓடு வேய்ந்தவர் என்றார் டீட்மார். அப்படித்தான் சொல்வான் என்று ஸெனோன் எழுந்துபோனார். போக்னாவும் நம்பவில்லை. நகராட்சிப் பட்டியலில் டீட்மாரின் பெயர் முதலில் டாக்டர் வீட்டுக்கு நேராக இருந்ததையும், அதை அடித்து இங்கே மாற்றியிருந்ததையும் அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

காலையில் ஓடு நகரும் சத்தம் கேட்டு அப்பாவும் மகளும் வெளியே ஓடினார்கள். பக்கத்து வீட்டில் வாங்கிய ஏணியை அவர்கள் கூரையில் சாய்த்து டீட்மார் நின்றிருந்தார், கையில் சுத்தியல்.

“இறங்கச் சொல்லு. இன்னைக்கு ஒரு ஓடு மாத்துவான், நாளைக்கு என் கூரைன்னு கோர்ட்ல நிப்பான்.”

விருந்தாளியாயிற்றே என்று போக்னா எதையும் மழுப்பவில்லை. அப்படியே சொன்னாள். தன் கேள்வியையும் சேர்த்துக்கொண்டாள். “டாக்டர் வீட்டை விட்டுட்டு இந்த வீட்டை ஏன் கேட்டு வாங்கினீங்க?”

“பஸ்ல வரும்போதே பார்த்தேன்மா. கூரை தொய்ஞ்சு கெடந்துச்சு. உள்ளே வந்து தட்டினா உத்தரம் உளுத்துப்போச்சு. அடுத்த பனிக்குத் தலைல விழும். தெரிஞ்சப்புறம் வேற வீட்ல எப்படித் தூங்குறது?”

அவள் அதையும் அப்பாவுக்குச் சொன்னாள். ஸெனோன் வெகுநேரம் கூரையைப் பார்த்தார்.

“எந்த உத்தரம்னு கேளு.”

டீட்மார் காட்டினார்.

“சரி, இறங்கச் சொல்லு. என் வீட்டு ஆணியை நான் அடிக்கிறேன்.”

அந்த வீட்டில் அப்பா சுத்தியல் பிடித்து அன்றுதான் போக்னா பார்த்தாள். சதுக்கத்தில் ஒப்பந்த விழாவுக்கு பேண்டு வாசித்தார்கள். மூவரில் ஒருவரும் போகவில்லை. டீட்மார் கீழிருந்து கைகாட்ட, இன்னும் இடது பக்கம், இன்னும் மேலே என்று போக்னா மொழிபெயர்த்தாள். ஏணி ஆடியது. டீட்மார் ஓடிவந்து பிடித்தார்.

“நீ பிடிடி” என்றார் ஸெனோன், மேலேயிருந்து. “அவன் பிடிக்க வேணாம்.”