இருபத்திரண்டு நாள் வெயில்

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவர்கள் வீட்டுக்குள் வரவில்லை. நேராகக் கொல்லையில் நின்ற படகைப் பார்க்கப் போனார்கள். டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு மகள் பின்னால் போனாள்.

"ஞாயித்துக்கிழமை இறக்கிடுவோம். அவர் நெனச்ச மாதிரியே மலையடிவாரத்துல இருந்து கடல் வரைக்கும்," என்றார் சர்வேயர். ஒரு காலத்தில் தானியப் படகுகள் போன நீர்வழியைப் பழைய வரைபடங்களில் தேடி எடுத்தவர் அவர். அந்தக் காலத்து முறையிலேயே மரப்படகு கட்டியவர் அப்பா. ஒன்பது வருஷம்.

"நானும் ஏறுறேன் மாமா," என்றான் அண்ணன்.

"உனக்கு நீச்சலே தெரியாதேடா."

"அதனாலதான் படகுல வர்றேங்கறேன்."

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

கட்டிய படகை வெயிலில் காயவிடக் கூடாது. ஆற்றில் இறங்கும்வரை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் பலகை சுருங்கிப் பிளந்துவிடும். ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்திரண்டு நாளும் அப்பா அதைத்தான் கேட்டார். அவள் சாப்பிட்டாளா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன்ப்பா."

ஒரு குடம்கூட ஊற்றவில்லை.

அம்மா சமையலறையில் விழுந்த அன்று அவள்தான் ஓடிப்போய் அப்பாவைக் கூப்பிட்டாள். ஆவியில் வேகவைத்த பலகையை வளைத்துக்கொண்டிருந்தார். "சூடு ஆறிட்டா வளையாது. மாட்டிட்டு வந்துடறேன், போ." மாட்டிவிட்டுத்தான் வந்தார். பலகை அழகாக வளைந்திருந்தது. அம்மா போய்விட்டிருந்தாள்.

அப்பாவோடு கூட நின்று வேலை செய்த தச்சர் குனிந்து படகுக்கு அடியில் போனார். பலகைகளுக்கு இடையே புகுந்த வெயில் அவர் சட்டைமேல் கோடு கோடாக விழுந்தது. வெடித்திருந்த ஓர் இடத்தில் விரலை விட்டார். விரல் உள்ளே போனது. வெளியே வந்தவர் அவளைப் பார்த்தார். பார்வையை எடுக்கவே இல்லை.

சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள்.

"இதை இறக்க முடியாது," என்றார் தச்சர், மற்றவர்கள் பக்கம் திரும்பி. "மரம் சரியில்ல. அப்பவே சொன்னேன். அவர் கேக்கல."

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்பது வருஷம்யா. மரம் பாக்கத் தெரியாமலா கட்டினாரு?"

"யார் பேச்சைத்தான் கேட்டாரு அவரு," என்றான் அண்ணன். யாரோ சிரித்தார்கள்.

ஒவ்வொரு பலகையையும் தட்டி, காதை வைத்துக் கேட்டு, பிடிக்காத மரத்தை லாரியோடு திருப்பியனுப்பிய மனிதர். அவளுக்கு அது தெரியும். தச்சருக்கும் தெரியும்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒவ்வொருவராக டீ எடுத்துக்கொண்டார்கள்.

தச்சர் எடுக்கவில்லை. படகின் முனையில் தொங்கிய தன் உளிப்பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் வராமல், பக்கத்துச் சந்து வழியாகத் தெருவுக்குப் போனார்.