ஒரு சாண் தள்ளி

அதிகாரி வந்து உட்கார்ந்ததுமே கணவன் வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடக் கூடாதே என்று அவள் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு கம்பெனிக்காக வீடுவீடாகப் போய் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை மாட்டுவது அவன் வேலை. போன மாதம் ஏணியிலிருந்து விழுந்ததில் வலது தோள் நொறுங்கிவிட்டது. அவன் கம்பெனியின் ஆள் என்று முடிவானால் அறுவை சிகிச்சையும், கை குணமாகும்வரை குடும்பச் செலவும் கம்பெனியின் பொறுப்பு. கம்பெனியோ, “அவர் எங்க ஆளே இல்ல, தனியா காண்ட்ராக்ட் எடுத்துச் செய்றவர்” என்று கைகழுவிவிட்டது. இரண்டில் எது உண்மை என்று பார்க்கத்தான் தொழிலாளர் துறையிலிருந்து அந்த அம்மா வந்திருந்தார்.

“வேன் யாரோடது?”

“என்னோடது மேடம். ஏணி, டிரில் மெஷின் எல்லாமே என்னோடதுதான். நான் யாருக்கும் கைகட்டி நிக்கிறவன் இல்ல. கூட இருக்கறவங்களே என்னை மொதலாளின்னுதான் கூப்பிடுவாங்க.”

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“மாமா, அது கிண்டலுக்குக் கூப்பிடறது” என்றான் கதவோரம் நின்ற அவள் தம்பி.

“நீ சும்மா இருடா.”

“மேடம், இவர் வாய்தான் இப்படி. வேனை வெச்சு முடிவு பண்ணிடாதீங்க” என்றாள் அவள்.

அதிகாரி சிரித்தார். “வேன் ஒரு எடைக்கல்லுதாம்மா. தராசுல இன்னும் நிறைய கல்லு வைக்கணும். தனியா ஒரு கல்லு எதையும் சொல்லாது.” அவன் பக்கம் திரும்பினார். “ஒரு நாள் உங்களால வேலைக்குப் போக முடியலன்னா, உங்களுக்குப் பதிலா இந்தத் தம்பியை அனுப்பலாமா?”

“ஒரு தடவை போனேன் மேடம்” என்றான் தம்பி. “அவரேதான் வரணும்னு கம்பெனி வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க.”

அதிகாரி தலையாட்டினார். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடினார், ஒதுக்கினார், மறுபடி மூடி ஒதுக்கினார். வெயில் அறைக்குள் மொத்தமாக வந்து விழுந்தது.

“நீங்க விழுந்த வீட்டையும் பாத்துட்டுத்தான் வரேன். அங்க எவ்வளவு ஒதுக்கினாலும் ரெண்டு பக்கமும் துணி கண்ணாடியை மறைக்குது. இங்க முழு ஜன்னலும் திறக்குதே. ரெண்டும் நீங்க மாட்டினதுதானே?”

அவன் முகம் மலர்ந்தது. “ராடு ரெண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளிப் போகணும் மேடம். அப்பதான் ஒதுக்கின துணி சுவர்ல போய் நிக்கும். வெளிச்சத்தைத் தின்னாது.”

“அப்போ அங்க ஏன் அப்படி மாட்டல?”

“விட்டாத்தானே! ஜன்னல் சட்டத்தை ஒட்டித்தான் துளை போடணும். போட்டு, போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பணும். ஒரு விரல் தள்ளிப் போனாலும் கழட்டி மாட்டச் சொல்லுவாங்க. எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன், ஒரு தடவையாவது…”

பாதியில் நிறுத்தினான். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது.

“காண்ட்ராக்ட் எடுக்கறவர்கிட்ட ‘ஜன்னலுக்குத் திரை வேணும்’னு சொன்னாப் போதும்” என்றார் அதிகாரி. “எப்படி மாட்டறதுங்கறது அவர் பாடு. உங்களுக்குத் துளை எங்க விழணும்ங்கறது வரைக்கும் அவங்க சொல்றாங்க. டிரில் உங்களோடதுதான். துளை அவங்களோடது.”

அவள் ஜன்னலுக்கு மேலிருந்த அந்தத் திரைக்கம்பியையே பார்த்தாள். கம்பெனி வேலையில் அனுமதியில்லாத அந்த ஒரு சாண், இரண்டு ஓரத்திலும் சுவர்மேல் நீண்டு நின்றது. தினமும் காலையில் அவள் கைதான் இந்தத் திரையை ஒதுக்குகிறது. வக்கீல் வீடு, யூனியன் ஆபீஸ் என்று அவள் அலைந்து தேடிய பதில், அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

“தொழிலாளின்னுதான் எழுதப்போறேன்” என்றார் அதிகாரி. “கம்பெனி மேல்முறையீடு போனா போகட்டும். நீங்க அனுப்பின போட்டோ எல்லாம் அவங்ககிட்டயே இருக்கும். கேட்டு வாங்கிக்கறேன்.”

“அப்போ இத்தனை வருஷமா நான்…” என்று இழுத்தான் கணவன்.

“கவலைப்படாதீங்க மாமா. நாங்க மொதலாளின்னேதான் கூப்பிடுவோம்.”

அவன் சிரித்தான். தோள் வலித்ததும் முகத்தைச் சுளித்தான், மறுபடி சிரித்தான்.

“இந்த ராடு மாட்டினப்போ, இவ்வளவு நீளம் எதுக்குன்னு உங்களைத் திட்டினேன் இல்ல?” என்றாள் அவள். பதிலுக்குக் காத்திருக்காமல் ஜன்னலருகே போனாள். ஓரத்தில் மடிந்திருந்த துணியைக் கையால் நீவி இன்னும் கொஞ்சம் ஒதுக்கினாள். ஒதுக்க இடமிருந்தது.