சொந்த வண்டிக்கு வாடகை

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். கண்ணாடிக்காரர் வீட்டு முன்னறையில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு பியூட்டி பார்லரும் இருந்தன.

பார்லர் அவர் மனைவியுடையது. சுவரில் ஆளுயரக் கண்ணாடி, அதன் முன்னால் ஒரு சுழல் நாற்காலி, மூலையில் தலை கழுவும் தொட்டி. இரண்டாவது நாற்காலி போட வேண்டிய இடத்தில் வண்டி நின்றது. கரும்பச்சை நிறம், பதினோரு வயது, ஒரு கீறல் கிடையாது. வெயிலில் நின்றால் வெளுத்துவிடும், மழையில் நின்றால் துருப்பிடித்துவிடும் என்று அதை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தார் மனிதர். அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையோ தெருமுனையில், நடந்தால் நாலே நிமிஷம். வாரத்தில் ஆறு நாள் வண்டி சும்மா நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக எடுத்துக்கொண்டு கிளம்புவார். மதியம் காற்று கலைத்த முகமும் ஒரு பாட்டுமாகத் திரும்பி வருவார்.

வினை தலைச்சாயத்தின் உருவத்தில் வந்தது. சாயம் பூசி ஊறவைத்த தலையோடு ஒரு அம்மா, உட்கார வேறு இடமில்லாமல், வண்டி மேல் ஏறி உட்கார்ந்து பத்திரிகை படித்தார். மாலையில் கண்ணாடிக்காரர் சீட்டில் செம்பட்டையாக மூன்று சொட்டைக் கண்டுபிடித்து, வீடே அதிரக் கத்தினார்.

"வண்டி மேலயா உக்கார வைப்பே?"

"வேற எங்க உக்கார வைக்க? என் தலை மேலயா?" என்றாள் மனைவி. "ரெண்டு பேர் வந்தா ஒருத்தரைத் திருப்பி அனுப்பறேன். இது பார்லரா, ஒர்க் ஷாப்பா? மூணு மாசம் டைம் தர்றேன். வண்டியை வாடகைக்கு விடற ஆப் இருக்கு, அதுல போடுங்க. பகல்ல வெளிய போய்ச் சம்பாதிச்சுட்டு ராத்திரி வந்து படுத்துக்கட்டும். இல்லேன்னா வித்துடுவோம்."

அவள் சும்மா மிரட்டுகிற ஜாதி இல்லை. போன வருஷம் ஓடாத சுவர்க்கடிகாரத்துக்கு இதே போல ஒரு மாதக் கெடு வைத்து, கெடு முடிந்த அன்று காலை எட்டு மணிக்கே பழைய சாமான்காரரைக் கூப்பிட்டவள்.

வண்டி செயலியில் ஏறியது. கூடவே கண்ணாடிக்காரர் இருபத்திரண்டு விதிகள் கொண்ட ஒரு தாளும் எழுதி வைத்துக்கொண்டார்.

முதலில் ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வந்தார். நின்றபடியே தாளைப் படித்தவர் ஒன்பதாம் விதியில் நின்றுவிட்டார். 'வண்டி கிளம்பாவிட்டால் திட்டக் கூடாது. டேங்கில் மெதுவாக இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காத்திருக்கவும்.'

"சார், நான் வண்டி எடுக்க வந்தேனா, உங்க வீட்டுல பொண்ணு எடுக்க வந்தேனா?" என்று கேட்டுவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

அடுத்து ஒரு நர்ஸ் வந்தாள். தோளில் கயிற்றுச் சுருள். புது அறைக்குக் குடி மாறுகிறாளாம், வண்டியில் ஒரே ஒரு மெத்தையைக் கட்டிக்கொண்டு போக வேண்டுமாம். மெத்தை என்றதுமே கண்ணாடிக்காரர் வண்டிக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"வண்டிக்கு உடம்பு சரியில்லம்மா."

"ஐயோ, என்ன பண்ணுது?" என்றாள் நர்ஸ், தொழில் பழக்கத்தில்.

அவளும் போனாள். மறுநாள் செயலி அவருக்கு எச்சரிக்கை அனுப்பியது. இரண்டு முன்பதிவு ரத்தாகிவிட்டது, மூன்றாவதும் ரத்தானால் வண்டியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். பட்டியலிலிருந்து போனால் வீட்டிலிருந்தும் போகும். கண்ணாடிக்காரர் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்து, விடியும்போது ஒரு யோசனையோடு எழுந்தார். ஊருக்கெல்லாம் பார்வை சரி செய்கிறவருக்கு மூக்குக்கு நேரே இருப்பது தெரியாது என்பதற்கு அந்த யோசனையே சாட்சி.

மனைவியின் தம்பி தபால்காரன். அவனிடம் வண்டி ஓட்டும் லைசென்ஸ் உண்டு. வாங்கிய அன்றே நேராக ஒரு மணல்குவியலுக்குள் வண்டியை விட்டவன், அதற்குப் பிறகு எங்கே போனாலும் நடராஜா சர்வீஸ்தான்.

"மாப்ளே, உன் போன்ல அந்த ஆப்பைப் போட்டு, தினம் காலைல என் வண்டியை புக் பண்ணு."

"வண்டின்னாலே எனக்கு கைகால் உதறும் மாமா."

"நீ தொடவே வேணாம். பணமும் நான் தர்றேன், வண்டியையும் நானே எடுத்துக்கறேன்."

தபால்காரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்ப உங்க வண்டியை நீங்களே உங்ககிட்ட வாடகைக்கு எடுக்கறீங்க."

"ஆமா. உங்க அக்காகிட்ட மூச்சு விட்டே, அவ்வளவுதான்."

அப்படித்தான் ஆரம்பித்தது அந்தக் கூத்து. தினமும் காலையில், "கஸ்டமர் தெருமுனையில நிக்கறார், குடுத்துட்டு அப்படியே கடைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டி, வண்டியை நல்ல பிள்ளையாகத் தள்ளிக்கொண்டே போவார். வளைவு திரும்பியதும் ஹெல்மெட் தலைக்கு ஏறும். கொடுத்த வாடகைக்கு வஞ்சகமில்லாமல் ஊரை ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிட்டு, கடைப் பின்கட்டில், தான் லென்ஸ் தேய்க்கும் மேஜைக்கு நேர் ஜன்னலில் தெரிகிற மாதிரி நிறுத்துவார். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே தேய்ப்பார். மாலையில் இன்னொரு சுற்று, அப்புறம் தள்ளிக்கொண்டு வீடு.

பணம் இவர் சட்டைப்பையிலிருந்து தபால்காரன் போனுக்குப் போய், செயலி தன் பங்கைக் கடித்துக்கொண்டு, மிச்சம் இவருக்கே திரும்பி வந்து, மனைவி கையில் வாடகை வருமானமாகச் சேர்ந்தது. செயலி கடித்த துண்டைச் சரிக்கட்ட, ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போய் லென்ஸ் தேய்த்தார். வண்டியில் தூரமாகப் போய்வர இருந்த ஒரே நாளும் போயிற்று. ஆனாலும் மனிதருக்கு ஒரே குஷி. வேறு ஒரு கை அதன் மேல் படவில்லையே!

ஐந்தாம் வாரம் அந்த வருமானத்தில் இரண்டாவது சுழல் நாற்காலி வந்து இறங்கியது. பகலில் அது வண்டியின் இடத்தில் நிற்கும், இரவில் சமையலறை வாசலுக்கு உருண்டு போகும். ஒரு தலைக்குச் சாயம் ஊறும்போதே மனைவி இன்னொரு தலையை வெட்டினாள். வருகிறவர்கள் திரும்பிப் போகவில்லை. அவள் வேலை செய்துகொண்டே பாட ஆரம்பித்தாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். விதி யாரை விட்டது? வாடகைக்கு எடுத்தவர்கள் வண்டியைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று செயலியில் ஓர் இடம் இருந்தது. இரவு சாப்பிட்டதும் தபால்காரன் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். 'இப்படி ஒரு வண்டியை என் வாழ்நாளில் ஓட்டியதில்லை.' ஐந்து நட்சத்திரம். 'மேட்டில் ஏறும்போது பெருமூச்சுகூட விடுவதில்லை. தங்கக் கம்பி.' ஐந்து நட்சத்திரம். 'சொந்தக்காரரும் பார்க்க லட்சணமானவர்.' ஐந்து நட்சத்திரம்.

எட்டாம் வாரம் செயலிக் கம்பெனியிலிருந்து வீட்டுக்கே போன் வந்தது. எடுத்தவள் மனைவி.

"ஆப்ல வச்ச போட்டியில நாம ஜெயிச்சுட்டோமாம்!" என்று கத்திக்கொண்டே வந்தாள். "ரொம்ப ஒத்துமையான வண்டிச் சொந்தக்காரர், கஸ்டமர் ஜோடின்னு நம்மளைத்தான் எடுத்திருக்காங்க. சனிக்கிழமை வந்து வீடியோ எடுக்கறாங்களாம். அந்தக் கஸ்டமர் யாருன்னு கேட்டேன், பேரைச் சொன்னாங்க பாருங்க, என் தம்பி! வண்டியைக் கண்டா பத்தடி தள்ளி நடக்கறவன்!"

"அவன்... அக்காவுக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னு சொல்லாம இருந்தான்" என்றார் கண்ணாடிக்காரர். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

"ஓஹோ" என்றாள் மனைவி. அவர் தலைமுடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பார்லர் வேலைக்குத் திரும்பினாள். அதுதான் அவரை இன்னும் கலக்கியது.

சனிக்கிழமை காலை ஒரு பெண் கேமராவோடு வந்து இறங்கினாள். தெருவில் பாதி வாசலுக்கு வந்துவிட்டது. பார்லரில் பாதி வெட்டிய தலையோடு ஒருத்தர், சாயத்தோடு ஒருத்தர், எல்லோரும் வெளியே. தபால்காரன் இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பலிக்கு வந்த ஆடு மாதிரி நின்றான்.

"சார், அம்பது நாளா ஓட்டறீங்க. ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்றாள் கேமராப் பெண்.

தபால்காரன் வண்டியில் ஏறினான். சாவியைத் திருப்பினான். கேமரா ஓடுகிறது, ஊரே பார்க்கிறது. அவன் திரும்பி, உரத்த குரலில் கேட்டான்: "மாமா, கியரை மேல தள்ளணுமா, கீழ அமுக்கணுமா?"

கண்ணாடிக்காரருக்குக் காதுவரை சூடேறியது. கேமராப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "சூப்பர் காமெடி சார், இதையும் வச்சுக்கலாம்!"

"கீழடா!" என்றார் கண்ணாடிக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

வண்டி ஒரு உதறு உதறிக் கிளம்பியது. "க்ளட்ச்! க்ளட்ச்சை விடுடா! ஐயோ, மெதுவா விடுடா!" என்று கண்ணாடிக்காரர் செருப்பை உதறிவிட்டுப் பின்னால் ஓடினார். முதல் சுற்றில் தபால்காரன் கண்ணை இறுக்கிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். இரண்டாவது சுற்றில் கண்ணைத் திறந்தான். மூன்றாவது சுற்றில் முதுகு நிமிர்ந்தது, வாய் காதுவரை போனது. நாலாவது சுற்றில் அக்காவைப் பார்த்துக் கையாட்டினான். நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டேன் என்கிறான். "இன்னும் ஒண்ணு மாமா! ஒண்ணே ஒண்ணு!" என்று கத்திக்கொண்டு போகிறான். பாதி வெட்டிய தலைக்காரர் கை தட்ட, தெருவே தட்டியது. ஒன்பதாவது சுற்றில்தான், அதுவும் வயிறு பசித்ததால், இறங்கினான்.

கூட்டம் கலைந்து, வாடிக்கையாளர்களும் போன பிறகு, மனைவி இரண்டாவது நாற்காலியைச் சுழற்றிக் காட்டினாள்.

"உக்காருங்க. முடி வளந்திருக்கு."

கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். கழுத்தில் துணி கட்டப்பட்டது. கத்திரி காதோரம் வந்து நின்றது.

"இப்ப சொல்லுங்க."

ஒன்று விடாமல் சொன்னார். நர்ஸின் மெத்தை முதல், 'பார்க்க லட்சணமானவர்' வரை. "வித்துடு" என்றார். "நீ வச்ச கெடு சரிதான். ஏமாத்தினது நான்."

மனைவி நறுக்கென்று ஒரு கொத்தை வெட்டினாள்.

"எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும்."

"எப்படி?"

"என் தொழில் என்ன? தினம் சாயந்திரம் வண்டியைத் தள்ளிக்கிட்டு நடந்து வர்றதா சொல்றீங்க. தலைமுடி ஹெல்மெட் போட்டு அமுங்கின முடியா இருக்கு. உச்சியில படிஞ்சு, காதோரம் சுருண்டு. ஒரு நாள்னா தற்செயல். ரெண்டு வாரமும் தினமுமா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"தன் வண்டிக்குத் தானே வாடகை குடுத்து, ஞாயித்துக்கிழமையும் உழைச்சு, பொண்டாட்டிக்கு நாற்காலி வாங்கித் தர்ற புருஷன் எந்த ஊர்ல இருக்கான்? எவ்வளவு தூரம்தான் போறீங்கன்னு பாத்தேன்" என்று சொல்லும்போதே சிரிப்பு பீறிட்டு, கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணாடியில் அவள் குலுங்குவதைப் பார்த்து அவருக்கும் வந்துவிட்டது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"வண்டி இருக்கட்டும்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா இனிமே நெஜமா வாடகைக்குப் போகணும். கேக்கறவங்களுக்குக் குடுக்கணும். தாளு கீளு கிடையாது."

அப்போதே போன் கிணுகிணுத்தது. பார்த்தால் அதே நர்ஸ். வேறு வண்டி எதுவும் கிடைக்காமல், மெத்தை இன்னும் பழைய அறையிலேயே கிடக்கிறதாம். 'வண்டிக்கு உடம்பு தேவலையா?' என்று கேட்டிருந்தாள்.

கண்ணாடிக்காரர் கழுத்துத் துணியோடே கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். பிறகு, 'தேவலை. வாங்க' என்று அடித்து அனுப்பினார்.

அரை மணியில் அவள் கயிற்றோடு வந்துவிட்டாள். சாவியைக் கொடுக்கும்போது அவர் விரல்கள் கொஞ்சம் தயங்கின, பிறகு விட்டன. ஒன்பதாம் விதியை மட்டும் வாயால் சொன்னார். நர்ஸ் சிரிக்காமல் டேங்கில் இரண்டு தட்டு தட்டினாள், நோயாளியின் தோளில் தட்டுகிற மாதிரி. வண்டி உடனே கிளம்பியது.

கணவனும் மனைவியும் வாசலில் நின்றார்கள். தெருமுனை திரும்பி, மேடு ஏறி, கண்ணுக்கு மறைந்த பிறகும் அதன் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பதினோரு வருஷம் அதன் மேல் உட்கார்ந்தே கேட்டவர், அது தூரமாகப் போகிற சத்தத்தைக் கேட்டதே இல்லை.

"நம்ம வண்டிச் சத்தம் இவ்வளவு அழகாவா இருக்கு!" என்றார்.

"பதினோரு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்த வாசல்ல நின்னு நான் கேட்ட சத்தம்தானே" என்றாள் மனைவி. குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கண்ணாடிக்காரர் பாதி வெட்டிய தலையைத் தடவிக்கொண்டு போனை எடுத்தார். செயலியைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் ஒன்றொன்றாகத் தொட்டு, 'வாடகைக்கு இல்லை' என்று போட்டார்.

"நாளைக்கு பார்லருக்கு லீவு விடுவியா?"

"ரெண்டு நாற்காலிக்குமா?"

"ரெண்டுக்கும்."

"அப்ப மீதி முடியை இப்பவே வெட்டிடறேன், உள்ள வாங்க" என்றாள். "இந்தத் தலையோட நான் பின்னாடி உக்கார மாட்டேன்."